காணாமல் போகாத கப்பல்கள்: பெர்முடா நாட்குறிப்பு

முதல் நாள், ஞாயிறு

“பெர்முடாவா? அந்த முக்கோணத்துக்கா போறீங்க? கப்பலெல்லாம் காணாமப் போகுமாமே!” காரைக்குடியிலிருந்து பெரியம்மா போனில் கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கலக்கம். பெட்டி கட்டும்போதும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏன்டி, வேற ஊரே கிடைக்கலையா?”

அம்மா இந்தியாவிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. நியூஜெர்சியின் எடிசன் ஊரில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தே அவருக்குப் பொழுது போகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் எங்காவது கூட்டிப்போக நினைத்தோம். பக்கத்திலிருக்கும் பேயோன் துறைமுகத்திலேயே கப்பல் ஏறி, அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடா தீவுக்குப் போய், அங்கேயே திரும்பி வந்து இறங்கலாம். விமானம் வேண்டாம், முழங்கால் வலியோடு ஏர்போர்ட்டில் நடக்க வேண்டாம். அம்மாவின் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருப்பதை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தோம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பவளப்பாறையை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியாது. ஊரணியில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதே இல்லை. முகமூடி மாட்டிக் கடலுக்குள் குதி என்று எழுபது வயதில் சொல்ல முடியுமா? பெர்முடாவில் அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகுகள் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலின் தரையைப் பார்க்கலாம். மூழ்கிய கப்பல் ஒன்றின் மேலும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மாலை கப்பல் கிளம்பியது. சுதந்திர தேவி சிலை பின்னால் போனது, வெரசானோ பாலம் தலைக்கு மேல் வந்து போனது. அம்மா கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள், திங்கள்

நாள் முழுக்கத் தண்ணீர்தான். மத்தியானத்துக்கு மேல் கப்பல் ஆட ஆரம்பித்தது. அம்மா இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு படுத்துவிட்டார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மாச்சி, ஜன்னலுக்கு வெளியே தூரமாப் பாருங்க, தலை சுத்தாது” என்று வைத்தியம் சொன்னாள்.

நாங்கள் கடந்துகொண்டிருந்தது வளைகுடா நீரோட்டம். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை அள்ளிக்கொண்டு அமெரிக்கக் கரையோரமாக வடக்கே ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். பெர்முடா இருப்பது வட அட்சரேகை 32 பாகையில். நம் நாட்டில் அது பதான்கோட் இருக்கும் அட்சரேகை. அவ்வளவு வடக்கே பவளப்பாறை இருக்கக் காரணம், இந்த நீரோட்டம் கொண்டுவரும் கதகதப்புதான். அட்லாண்டிக்கில் இதற்கு வடக்கே இப்படிப்பட்ட பவளத்திட்டு கிடையாது. பக்கத்தில் வேறு நிலமும் இல்லை. வட கரோலினாக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அணைந்துபோன ஒரு கடலடி எரிமலையின் தலையில், சுண்ணாம்புத் தொப்பி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும் தீவுக் கூட்டம் இது.

கப்பல்கள் இங்கே உடைந்ததும் இதனால்தான். கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பிய பாய்மரக் கப்பல்கள் இந்த நீரோட்டத்தைப் பிடித்துத்தான் வடக்கே ஏறின. வழி சரிதானா என்று பார்க்க பெர்முடாவைத் தேடின. ஆனால் தீவு தாழ்வானது. கண்ணில் படுவதற்கு முன்பே பவளத்திட்டு வந்துவிடும். சில இடங்களில் கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரம்வரை திட்டு நீண்டிருக்கிறது. தீவைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் கிடக்கின்றன. பலவற்றின் பேர், ஊர், சரக்கு, முட்டிய தேதி எல்லாம் ஏட்டில் இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப காணாமப் போகலையா?” என்றார், கண்ணை மூடியபடியே.

மூன்றாம் நாள், செவ்வாய்

காலையில் கண் விழித்தால் ஜன்னலில் வேறு நிறத்துக் கடல். நீலம் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. மயில் கழுத்து, கிளிப்பச்சை, நடுநடுவே காப்பிப்பொடி தூவியது போல் பழுப்புத் திட்டுகள்.

இறங்கியதும் ஏமாற்றம். காற்று அதிகம், படகு இன்று போகாது, நாளைக் காலைக்கு மாற்றித் தருகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காற்றில் தண்ணீர் கலங்கினால் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது என்று டிக்கெட் கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். சரி, போகட்டும் என்று துறைமுகத்தை ஒட்டிய கோட்டைக்குள் இருக்கும் பெர்முடா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

இந்தத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கைதிகள் கட்டியது. 1824 முதல் 1863 வரை சுமார் 9,000 பேரைக் கொண்டுவந்து, பழைய கப்பல்களையே சிறையாக்கி அடைத்து, சுண்ணாம்புக் கல் வெட்ட வைத்திருக்கிறார்கள். அதில் சுமார் 2,000 பேர் ஊர் திரும்பவில்லை. அந்தச் சுவர்களைத் தொட்டபோது ஒரு மாதிரி இருந்தது. கல் அவ்வளவு வெள்ளை.

உள்ளே கப்பல் சிதைவுகளிலிருந்து எடுத்த சாமான்கள். ஒவ்வொன்றையும் எழுத இடமில்லை. இரண்டு கதைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஒரு சிலுவையின் கதை. டெடி டக்கர் என்ற உள்ளூர் முக்குளிப்பாளர் கடலடியில் சில பீரங்கிகளைக் கண்டிருந்தார். 1594இல் உடைந்த ஸ்பானியக் கப்பலான சான் பெட்ரோவினுடையவை அவை. 1955இல் திரும்பிப்போய் மணலைக் கிளறினால், ஏழு மரகதம் பதித்த தங்கச் சிலுவை! 1975இல் எலிசபெத் ராணி இந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைக்க வந்தபோது அதை எடுத்து வைக்கப்போனால், கையில் இருந்தது பிளாஸ்டிக் போலி. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். அசல் இன்றுவரை கிடைக்கவில்லை. முந்நூற்று அறுபது வருஷம் கடலுக்கடியில் பத்திரமாக இருந்த பொருள், மனிதர் கைக்கு வந்து இருபது வருஷம்கூடத் தாங்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலித்தது.

இரண்டாவது, சிமெண்ட் மூட்டைகள். 1943இல் கான்ஸ்டெலேஷன் என்ற, நாலு பாய்மரம் கொண்ட கப்பல் நியூயார்க்கிலிருந்து வெனிசுவேலாவுக்குப் போகும் வழியில் ஒழுகத் தொடங்கி, பழுது பார்க்க இங்கே திரும்பி, பவளத்திட்டில் மோதியது. ஏற்றியிருந்தது விஸ்கி, மருந்துப் புட்டிகள், சிமெண்ட். சாக்கு மட்கிப்போக, சிமெண்ட் மட்டும் மூட்டை மூட்டையாக இறுகி, அடுக்கிய அடுக்கு கலையாமல் கடலடியில் கிடக்கிறது. அதற்கு 80 வருஷம் முன், 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் முற்றுகையைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோக வந்த மொன்டானா என்ற நீராவிக் கப்பலும் அதே இடத்தில்தான் உடைந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அம்மா இதைக் கேட்டதும், “நம்ம வீடு கட்டறப்ப மழையில நனைஞ்சு நாலு மூட்டை கல்லாப் போச்சே, அது மாதிரிதான்” என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த மூட்டைகள்தான் இன்றைக்கும் துணி துவைக்கும் கல்.

நான்காம் நாள், புதன்

காற்று அடங்கியிருந்தது. ஒன்பதரைக்குப் படகில் ஏறினோம். கூரை போட்ட அகலமான படகு. நடுவில் தரையை வெட்டி நீளவாக்கில் இரண்டு தொட்டி மாதிரி அமைத்து, அடியில் தடித்த கண்ணாடி. சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடி, ஓரமாகப் பெஞ்சு. அம்மாவைக் கைப்பிடி ஓரத்தில் உட்கார வைத்தேன். இன்ஜின் ஓடும்போது கண்ணாடியில் வெறும் நுரைதான். அம்மா ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தார்.

படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும். வழியில் வீட்டுக் கூரைகளைக் காட்டினார். எல்லாம் வெள்ளை, படிப்படியாக இறங்குகின்றன. பெர்முடாவில் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் அந்தப் படிகளில் வேகம் குறைந்து இறங்கி, குழாய் வழியே வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகும். குடிப்பதும் அதுதான். “முத்தத்துல அண்டா வச்சுப் பிடிக்கிறதுதானே” என்று அம்மா உடனே புரிந்துகொண்டார். இந்த ஊர் மேல் அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அரைமணி நேரம் போனபின் டேனியல்ஸ் ஹெட் முனைக்கு வெளியே இன்ஜின் சத்தம் குறைந்தது. நுரை கலைந்தது. திடீரென்று கண்ணாடிக்குள் ஒரு உலகம்.

தண்ணீருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தால் அலை ஒளியை நெளித்துவிடும், வானம் பளபளக்கும். கண்ணாடி அந்த நெளிவைத் தட்டையாக்கிவிடுகிறது. அதோடு, தண்ணீருக்குள் இருப்பது முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். கிணற்றில் கிடக்கும் காசு கைக்கெட்டும் தூரத்தில் தெரியுமே, அப்படித்தான். அம்மா சட்டென்று குனிந்து கையை நீட்டினார்.

முதலில் வந்தது மூளைப் பவளம். பேர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்: உருண்டை, அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். மாக்கோலத்தில் சிக்குக் கோலம் போட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஒரு மீட்டர் குறுக்களவு இருக்கும் ஒன்றைக் காட்டி, அதற்கு வயது நூறுக்கு மேல் என்றார் படகோட்டி. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளருமாம். பக்கத்தில் ஊதா நிறக் கடல் விசிறிகள். கடலடி நீரோட்டத்துக்கு ஒரே திசையில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. கரீபியனில் மான் கொம்பு மாதிரி கிளைவிடும் பவளங்கள் பெர்முடாவில் இல்லை. இங்கே குளிர்காலத்தில் தண்ணீரின் வெப்பம் 18 பாகை செல்சியஸ்வரை இறங்கிவிடும். குளிரைத் தாங்கும் உருண்டைகளும் விசிறிகளும்தான் இங்கே நிலைத்திருக்கின்றன.

“இது செடியா, கல்லா?” என்றார் அம்மா.

“உயிர்ம்மா. ஒவ்வொரு பள்ளத்திலும் பொடிப்பொடியா ஆயிரக்கணக்கில் இருக்கும். தானே சுண்ணாம்பு சுரந்து வீடு கட்டிக்கும். அதுக்கு உள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயில்ல சாப்பாடு செஞ்சு கொடுக்கும். கடல் ரொம்பச் சூடானா அந்தப் பாசியை வெளியே தள்ளிடும். அப்புறம் பவளம் வெளுத்துப் பட்டினியில செத்துப்போகும்.”

அம்மா தன் இடது கையைப் பார்த்தார். மோதிர விரலில் பவளம். செவ்வாய்க்கு நல்லது என்று அப்பா எடுத்துக் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. “இதுவுமா?” நகைக்குப் போகும் செம்பவளம் வேறு ரகம், மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஆழத்தில் வளர்வது, அதற்குள் பாசியும் கிடையாது. ஆனால் அதுவும் ஒரு உயிர் கட்டிய கூடுதான் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மோதிரக் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிளிமீன் ஒன்று நீலப் பச்சையில் வந்து பாறையைக் கொறித்தது. கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும் என்கிறார்கள், எங்களுக்குக் கேட்கவில்லை. அது கொறித்துத் தள்ளுவதுதான் கடைசியில் மணலாகிறது. பெர்முடாவில் கிளிமீனைப் பிடிக்கக் கூடாது. பவளத்தைத் தொட்டு உடைப்பதும் குற்றம். 1990இல் மீன்கூடுகளையே தடை செய்தார்கள். அந்த வருஷம் பல மீனவர் குடும்பங்கள் பட்ட கஷ்டத்தைப் படகோட்டி சொன்னார். சொல்லிவிட்டு, “ஆனால் இப்போது கீழே பாருங்கள்” என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினார்.

அப்புறம் விக்ஸன்.

தூரத்திலிருந்தே அதன் மூக்கு தெரிந்தது. கடலுக்கு நடுவே துருப்பிடித்த ஓர் இரும்பு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. எச்.எம்.எஸ். விக்ஸன் 1865இல் கட்டிய கவசப் பீரங்கிக் கப்பல். இரண்டு சுழலி (ப்ரொப்பெல்லர்) பொருத்திப் பிரிட்டிஷ் கடற்படை செய்துபார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று. வேகம் போதவில்லை, ஆழ்கடலுக்கும் லாயக்கில்லை. கரையோரக் காவலுக்கென்று இங்கே இழுத்துவந்தார்கள். கடைசியில் 1896இல், எதிரியின் டார்பிடோப் படகுகள் இந்தக் கால்வாய் வழியே துறைமுகத்தை நெருங்கிவிடக் கூடாது என்று, வழியை அடைக்கத் தாங்களே மூழ்கடித்தார்கள். போகும்போது முதுகு முறிந்து, முன்பாகம் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றுவிட்டது. மற்றக் கப்பல்களைப் பவளத்திட்டு உடைத்தது. இதைத் திட்டில் ஓர் இடைவெளியை அடைக்கும் கல்லாக மனிதர்களே போட்டார்கள். முப்பது அடி ஆழம்தான்.

படகு மெல்ல அதன் மேல் ஊர்ந்தது. கண்ணாடிக்கு அடியில் முதலில் வெறும் மணல். பிறகு ஒரு நேர்கோடு. கடலடியில் எதுவும் நேராக இருக்காது, அதனால் அந்தக் கோடு கண்ணைக் குத்தியது. அது ஒரு விலா எலும்பு. அடுத்தடுத்து விலாக்கள், நடுவில் இருட்டு. தகடுகள் உளுத்து ஓட்டை விழுந்த இடங்களில் மஞ்சள் உடம்பில் கருப்புக் கோடு போட்ட மீன்கள் போய்வந்தன. இரும்பின் விளிம்பெல்லாம் பவளம் படர்ந்து மழுங்கியிருக்கிறது. ஓர் இடத்தில் விசிறி ஒன்று தகட்டிலேயே வேர்விட்டது போல் நின்றது. முன்னே பார்த்த நூறு வயது தாண்டிய மூளைப் பவளம், இந்தக் கப்பலை இங்கே மூழ்கடித்த நாளில் கையளவுப் பிள்ளையாக இருந்திருக்கலாம்.

யாரும் பேசவில்லை. சின்னவள் குப்புறப் படுத்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டாள்.

அதற்குள் படகோட்டியின் உதவியாளர் ரொட்டித் துண்டுகளை வீசினார். எங்கிருந்தோ வெள்ளிச் சாம்பல் நிற மீன்கள் நூற்றுக்கணக்கில் வந்து கண்ணாடியை மறைத்துவிட்டன. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மீன்கூட்டைத் தடை செய்யும் அளவுக்குக் கடலை மதிக்கும் ஊரில், பாறையின் பாசியைத் தின்று துப்புரவாக வைக்க வேண்டிய மீனுக்கு ரொட்டியைப் பழக்க வேண்டுமா? இறங்கும்போது உதவியாளரிடம் சொன்னேன். பலரும் இப்போது இதைக் கேட்கிறார்கள் என்றார்.

மீன்கள் விலகியபோது கப்பல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அம்மா கடைசிவரை குனிந்தபடியே இருந்தார்.

இரவு கரையில் சிக்னல் கிடைத்ததும் அவரே பெரியம்மாவைக் கூப்பிட்டார். “ஒண்ணும் காணாமப் போகலக்கா. எல்லாம் கீழதான் கிடக்கு. நான் பார்த்தேன். மீனெல்லாம் குடியிருக்கு.”

ஐந்தாம் நாள், வியாழன்

காலையில் பிங்க் நிறப் பேருந்தில் கிப்ஸ் ஹில் கலங்கரை விளக்கம். வார்ப்பிரும்பில் எழுப்பி, 1846இல் முதலில் விளக்கேற்றியது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் மட்டும் மேற்குத் திட்டில் 39 கப்பல்கள் போய்விட்டனவாம். உச்சிக்கு 185 படி என்றார்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டாம். குன்றிலிருந்தே திட்டு தெரிந்தது. நாங்கள் நேற்று மிதந்த இடம் பழுப்புக் கறையாக, அதற்கு அப்பால் கருநீலம்.

வழியில் பறந்த கொடிகளில் பெரியவன் ஒன்றைக் கவனித்தான்: பெர்முடா சின்னத்தில் ஒரு சிவப்புச் சிங்கம், அது பிடித்திருக்கும் கேடயத்தில் உடைகிற கப்பல். 1609இல் புயலில் சிக்கி இந்தப் பாறையில் ஏறிய சீ வென்ச்சர். வர்ஜீனியாவுக்குக் கிளம்பியவர்கள், சுமார் 150 பேர், அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். பத்து மாதத்தில் இங்கிருந்த மரத்தையும் உடைந்த கப்பலின் சாமான்களையும் வைத்து இரண்டு சிறு கப்பல்கள் கட்டிப் பெரும்பாலானவர்கள் கிளம்பிப் போனார்கள். இந்தத் தீவில் மனிதக் குடியிருப்பு தொடங்கிய கதையே அதுதான்.

மாலை கப்பல் புறப்பட்டது. இவ்வளவு பெரிய கப்பல் நேரே கடலுக்குப் போக முடியாது. திட்டுக்கு உள்பக்கமாகவே தீவை ஒட்டிக் கிழக்குக் கோடிவரை ஊர்ந்து, நேரோஸ் என்ற ஒடுக்கமான வாய்க்கால் வழியே வெளியேற வேண்டும். உள்ளூர் வழிகாட்டி மாலுமி ஒருவர் மேலே நின்று வழி சொல்வார். அந்தத் தொழில் இங்கே கறுப்பின மக்கள், அதிலும் அடிமைகளாக இருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தது. ஜேம்ஸ் டாரல் என்ற அடிமை 1795இல் ஒரு பெரிய போர்க்கப்பலைப் பாறைகளுக்கிடையே பத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த வருஷம் அவருக்கு விடுதலை கிடைத்தது; அரசரின் வழிகாட்டி மாலுமியாகவும் ஆனார். செயின்ட் ஜார்ஜ் ஊரில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. கண்ணாடிப் படகு அவரிடம் இருந்திருக்காது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்திருக்கிறது.

அம்மா முதல் நாள் நின்ற அதே கம்பியருகே நின்றார். இன்று ஒரு கையால்தான் பிடித்திருந்தார். மற்றக் கையை நீட்டிச் சின்னவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “அந்தா பச்சையா இருக்குல்ல, அது மணல். பழுப்பா இருக்கறது கல்லு. அந்தக் கல்லுலதான் உயிர் இருக்கு.”

வெளிக்கடல் வந்ததும் ஒரு சிறிய படகு பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஓடியது. வழிகாட்டி மாலுமி கயிற்று ஏணியில் இறங்கி அதில் தாவினார். மேலே நின்ற எல்லாரும் கையசைத்தோம். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். படகு வளைந்து, பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நுழைந்து கரைப்பக்கம் போனது.